தட்டில் ஏறாத காய்கறி



சென்ற திங்கள் இப்பகுதியில் குடிநீரைக் காய்ச்சிப் பருகுவது பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் விடுத்திருக்கிறார். தண்ணீரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘எங்கள் வீட்டில் நால்வர். கணவர் காய்கறியைத் தொடமாட்டார். மகனும் அவரைப் பார்த்து அப்படியே வளர்ந்துவிட்டான். பன்னிரண்டு வயது மகளுக்கு இரத்தம் குறைவு என்று மருத்துவர் கூறிவிட்டார். கீரை கொடுங்கள், காய்கறி கொடுங்கள் என்கிறார். சமைக்க நான் அணியமாக இருக்கிறேன்; உண்பதற்குத்தான் ஆள் இல்லை. காய்கறி நல்லது என்று நீங்களும் எழுதிவிடாதீர்கள், அது எங்களுக்குத் தெரியும். பிடிக்காத ஒன்றை எப்படி உண்பது, எப்படி உண்ணச் செய்வது, அதனை மட்டும் எழுதுங்கள்’ என்பது கடிதத்தின் சாரம்.

இதற்கு விடை கூறும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. ஐம்பத்தெட்டாம் வயது வரை நானும் அந்தக் கணவரைப் போன்றவனாகவே இருந்தேன். சோறு, பருப்பு, கெட்டித் தயிர், மாங்காய் ஊறுகாய், சுட்ட அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் ஆகியவையே என் உணவு. சாம்பாரில் கிடக்கும் முருங்கைத் துண்டையும் கத்தரித் துண்டையும் சுட்டுவிரலால் ஒதுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பேன். என் தாயார் ஏசி ஓய்ந்தார். பின்னர் என் இல்லாள் ஏசி ஓய்ந்தார். மலச்சிக்கலும் மூலமும் வந்தன, மருந்து உண்டேன், காய் உண்ணவில்லை. சர்க்கரை நோயும் வந்தது. அப்போதும் ‘இத்தனை நாள் உண்ணாதவன் இனி உண்டு என்ன ஆகப்போகிறது?’ என்றே எண்ணினேன். என்னை அசைத்தது மருத்துவரின் சொல் அன்று. ஒருநாள் பகலுணவின்போது என் பக்கத்தில் அமர்ந்திருந்த நான்கு வயதுப் பேரன், தன் சிறு தட்டிலிருந்த பீன்ஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டுவிரலால் நகர்த்தி விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனுக்கு அதைக் கற்பிக்கவில்லை. என் மருமகள் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது.

மீனாட்சிபுரத்தில் குடியிருப்பவன் காய்கறிக்கு ஏங்குகிறான் என்றால் அயலூரார் நகைப்பர். பொள்ளாச்சிச் சாலையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்தும் உடுமலையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் தக்காளிப் பெட்டிகளும் வெண்டை மூட்டைகளும் ஏற்றிய வண்டிகள் கேரளத்தின் உட்பகுதிகளுக்கு விரைகின்றன. வடக்கே வேலந்தாவளத்தில் காய்கறிச் சந்தை. மேற்கே எலவஞ்சேரியில் பாகலும் புடலும் பந்தலில் தொங்குகின்றன. நம்முள் பலர் அந்தத் தோட்டங்களிலேயே கூலிக்குச் செல்பவர்கள். எல்லையில் பாலைச் சோதித்துப் பார்க்கக் கேரளப் பால்வளத் துறையார் நிலையம் வைத்திருக்கிறார்கள். நம் தட்டைச் சோதித்துப் பார்ப்பவர்தாம் யாரும் இல்லை. ‘ஏனுங்க ஐயா, ஊருக்கெல்லாம் காய் நம்ம வாசல் வழியாத்தான் போகுது, நம்ம வீட்டுக்குள்ளே மட்டும் நுழைய மாட்டேங்குதுங்க’ என்று தேநீர்க் கடையில் ஒரு சுமைதூக்கும் அன்பர் கூறியதை நான் மறக்கவில்லை.

எவ்வளவு உண்ண வேண்டும் என்பதை முதலில் அறிவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு நெறிகளில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் கூறப்பட்டுள்ளன. அந்த 400 கிராமில் ஒரு பகுதி கீரையாக இருத்தல் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் காயும் பழமும் சேர்த்து 400 கிராமுக்குக் குறையக் கூடாது என்கிறது. ஆனால் உருளைக்கிழங்கையும் மரவள்ளிக்கிழங்கையும் அக்கணக்கில் சேர்ப்பதில்லை. என் உருளைக்கிழங்கு வறுவல் இங்கே தோற்றுவிட்டது. கப்பையை நம்பியிருக்கும் அன்பர்களும் கேட்டுக்கொள்க. அவை நல்ல உணவுதான், எனினும் சோற்றின் கட்சியைச் சேர்ந்தவை.

இல்லாளின் துணையோடு ஒரு வாரம் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நறுக்கிய காயை நிறுத்து, உண்பவர் தொகையால் வகுத்தோம். ஆளுக்கு நூறு கிராமுக்குச் சற்றே மேல் வந்தது. அதிலும் என் பங்கு தட்டின் விளிம்பிலிருந்து கோழிக்குச் சென்றதைக் கழிக்கவேண்டும். வளர்ந்தவர் நால்வர் உள்ள வீட்டில் நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். வாரத்திற்குப் பதினோரு கிலோ! வாரச் சந்தையில் ஒரு பை நிறைய வாங்கிவிட்டோம் என்று மகிழ்ந்து வரும் நம்மில் பலர் அதில் பாதிகூட வாங்குவதில்லை. ஆகவே ‘என் வீட்டில் எல்லோரும் காய் உண்கிறார்கள்’ என்பவர்களும் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது. இந்த எண்ணைக் கண்டு மலைக்கவும் வேண்டா. நூறிலிருந்து நூற்றைம்பதுக்குச் செல்வதே ஒருவனுக்கு ஓராண்டு வேலையாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

இந்த ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பிடம் நமக்கு அருகிலுள்ள நீலகிரி என்பது பலருக்குத் தெரியாது. 1918ஆம் ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதே அதன் தோற்றம். 1958இல்தான் அது ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. மக்காரிசன் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஊட்டிப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவற்றைக் கொண்ட பஞ்சாபுச் சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுத்துச் செழித்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் காய், பால் ஆகியவற்றைச் சிறிதாகவும் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை வரிசையின் கடைசியில் மெலிந்து நின்றன. இதைப் படித்தபோது எனக்கு நாணமாகவே இருந்தது. நூறாண்டு ஆகப்போகிறது, அந்தக் கடைசி எலியின் உணவையே நான் ஐம்பத்தெட்டு ஆண்டு விரும்பி உண்டிருக்கிறேன்.

இனி, பிடிக்காமை எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். கடிதம் எழுதிய சகோதரி அதனைப் பிடிவாதம் என்கிறார். பாதி உண்மை. மற்றப் பாதி நாவின் அமைப்பில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டு அமெரிக்க வேதியலறிஞர் ஆர்தர் ஃபாக்சு என்பவர் தம் ஆய்வறையில் ஒரு பொடியைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. அருகிலிருந்த அன்பர் ‘ஐயோ, என்ன கசப்பு!’ என்று முகம் சுளித்தார். ஃபாக்சுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. இருவரும் பொடியை நேரே நாவில் இட்டுப் பார்த்தும் அதே முடிவு. அதன் பிறகு பலரிடம் சோதித்தபோது, மாந்தருள் ஒரு சாரார்க்கு அக்கசப்பு கடுமையாகத் தெரிவதும் ஒரு சாரார்க்கு அறவே தெரியாததும் விளங்கின. இது பெற்றோர் வழி வருவது. இதற்குக் காரணமான மரபணுவையும் 2003இல் கண்டுவிட்டார்கள். முட்டைக்கோசு இனத்துக் காய்களில் இதனையொத்த பொருள்கள் உண்டு. ஆகவே ஒரே கோசுப் பொரியல் தாய்க்கு இனிப்பாகவும் மகனுக்குக் கசப்பாகவும் இருக்கக்கூடும். அவன் பொய் சொல்லவில்லை. சிறுவர் நாவுக்குக் கசப்பு பெரியவர்களைவிட மிகுதியாக உறைப்பதும் உண்டு.

ஆனால் பலர் வெறுப்பது காயை அன்று, காய் கெட்ட விதத்தை. குழைந்து பழுப்பேறிய கோசு, வழவழத்த வெண்டை, நாராகிய பீன்ஸ், நீர்விட்ட புடல் ஆகியவற்றை யார்தான் விரும்புவர்? விடியலில் வேலைக்குச் செல்லும் வீடுகளில் எல்லாவற்றையும் ஒரே குக்கரில் இட்டு நான்கு ஒலி கேட்கும்வரை விடுவது வழக்கமாகிவிட்டது. குற்றம் கூறவில்லை; அவசரம் எனக்கும் தெரியும். எனினும் நான் முதன்முதலாக விரும்பி உண்ட காய், அரை வேக்காட்டில் இறக்கிய பீன்ஸ். பல்லில் பட்டபோது முறுக்கென்று ஒலித்தது. ‘இதுவா பீன்ஸ்?’ என்று கேட்டேன். ‘இத்தனை நாளும் இதேதானுங்க, நீங்கள் பேச்சிலேயே இருப்பீர்கள், அது அடுப்பிலேயே இருக்கும்’ என்றார் இல்லாள்.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு ஒரு பெரும்பேறு உண்டு. கொங்கு அடுக்களை, பாலக்காட்டு அடுக்களை என்னும் இரண்டும் நம் கைக்கு எட்டும். காயைப் பிடிக்காதவனுக்கு ஊட்டும் வழிகளை இவ்விரண்டும் நெடுங்காலமாகவே அறிந்துவைத்திருக்கின்றன.

பாலக்காட்டு மொளகூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பூசணி, தண்டுக்கீரை, கோசு, சௌசௌ என எது கிடைத்தாலும் வெந்த பருப்போடு சேர்த்து, தேங்காய், சீரகம், மிளகாய் வற்றல் அரைத்துவிட்டு, கடுகும் உளுந்தும் தாளித்து இறக்குகிறார்கள். புளி கிடையாது. பருப்பின் மென்மையும் தேங்காயின் இனிப்பும் கீரையின் பச்சை வாடையை மறைத்துவிடும். சோற்றில் பிசைந்து உண்ணும்போது ஒருவர்க்கு நூறு கிராம் காய் தெரியாமலே உள்ளே சென்றுவிடும். விளிம்பில் அடுக்கி வைக்க அங்கே துண்டே இல்லை! நான் தோற்றது இந்தக் குழம்பிடம்தான். அவியலும் அவ்வாறே. விராட நாட்டு மடைப்பள்ளியில் வீமன் கிடைத்த காயையெல்லாம் போட்டுச் சமைத்தது அது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், ஏழெட்டுக் காய்கள் கலந்து, தயிரின் புளிப்பும் தேங்காயெண்ணெயின் மணமும் ஏறிய பிறகு எந்த ஒரு காயும் தனியே தலைநீட்டி வெறுப்பூட்டுவதில்லை. வாழைக்காயையும் சேனையையும் குறைத்து, முருங்கை, வெள்ளரி, புடல், பீன்ஸ், கேரட் ஆகியவற்றை மிகுத்துப் போடுங்கள்.

கொங்கு நாட்டாருக்குக் கீரைக் கடைசல் உண்டு. அரைக்கீரையோ சிறுகீரையோ பண்ணைக்கீரையோ, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சிறிது புளி அல்லது தக்காளி சேர்த்து மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தால் இலையும் தண்டும் ஒன்றாகிவிடும். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சத்தில் ஒரு பங்கு அந்நீரில்தான் இருக்கிறது. தட்டைப்பயறும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பில் பயற்றின் அளவைக் குறைக்காமல் கத்தரிக்காயை இரட்டிப்பாக்கலாம். அரிசியும் பருப்பும் சாதத்தில் கேரட்டையும் பீன்ஸையும் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். முருங்கையிலையை அடைமாவிலும் கேழ்வரகு மாவிலும் கலந்து தட்டலாம். முட்டை உண்பவர்கள் அதை முட்டையோடு வதக்கலாம். பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கி எறியும் வீடுகளில் அதை வதக்கித் துவையல் அரைத்துப் பாருங்கள். பிள்ளைகள் அது காய் என்றே அறியமாட்டார்கள்.

கசப்புக்கும் வழவழப்புக்கும் தனி மருந்து உண்டு. உப்பு கசப்பைத் தணிக்கும். பாகற்காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, உப்புப் பிசறி அரைமணி நேரம் வைத்துப் பிழிந்து, புளியும் வெல்லமும் சேர்த்துச் சமைத்தால் பாதிக் கசப்பு போய்விடும். மீதிக் கசப்பு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. நான் பாகற்காயை விட்டுவிட்டேன். ஒரு காயைப் பிடிக்காவிட்டால் மற்றொன்றை உண்டால் போயிற்று, உலகில் பாகல் ஒன்றுதானா காய்? வெண்டையைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பின்னரே நறுக்கவேண்டும். நறுக்கிய பின் நீர் பட்டால் வழவழப்பு பெருகும். எண்ணெயில் நன்கு வதக்கியதும் புளிக்குழம்பிலோ மோர்க்குழம்பிலோ இடுங்கள். புளிப்பு பட்டதும் அது அடங்கிவிடும். மலையாளத்து அன்பர்கள் வறுத்த வெண்டையைத் தயிரில் இட்டுக் கிச்சடி செய்வதும் இதற்காகவே போலும்.

கொண்டாட்டத்தையும் வற்றலையும் காய்க்கணக்கில் எழுதுபவர்கள் சிலர் உண்டு. உப்பில் ஊறி, வெயிலில் காய்ந்து, எண்ணெயில் பொரிந்த பிறகு அதில் காய் என்பது பெயரளவில்தான். நாவுக்கு நன்று, இரத்தக் கொதிப்பு உள்ளவர்க்கு நன்று அன்று.

அப்படியானால் எல்லாவற்றையும் மறைத்தே ஊட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். பெரியவர்களுக்குச் சரி. பிள்ளைகளுக்கு மறைத்தல் மட்டும் போதாது. காயைக் காயாகக் கண்டு பழகவேண்டும். இதைப் பற்றி அயல்நாட்டார் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பிலடெல்பியாவில் 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு பருகிவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர்க் கேரட் கலந்த கூழை ஊட்டியபோது மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே முகம் சுளித்தன. கருவிலேயே சுவைப்பாடம் தொடங்கிவிடுகிறது! லீயான் பர்ச் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியோரும் சிறுவரிடையே பல்லாண்டு ஆராய்ந்து, புதிய உணவைப் பலமுறை சிறிதளவு சுவைத்த பின்னரே குழந்தை அதனை ஏற்கிறது என்று கண்டனர். சில குழந்தைகளுக்குப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம். நாமோ இரண்டு முறை கொடுத்துவிட்டு, ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். ‘காயைத் தின்றால் மிட்டாய் தருகிறேன்’ என்று சொல்வதிலும் ஒரு கேடு உண்டு. கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலை கடினமானதாகத்தான் இருக்கவேண்டும் என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது. காயின் மதிப்பு குறைந்து மிட்டாயின் மதிப்பு ஏறுகிறது. வாயைப் பிடித்துத் திணித்தால் சொல்லவே வேண்டா. என் வீட்டு அனுபவத்தில், ஒரே ஒரு துண்டு, விரும்பாவிட்டால் வாதமில்லை, மூன்று நாள் கழித்து மீண்டும் ஒரு துண்டு என்பதே நடக்கும் வழி.

கேரளப் பள்ளிக்கூடங்களிலும் இதே சிக்கல்தான். 2025ஆம் ஆண்டு கல்வித் துறையார் மதிய உணவுப் பட்டியலை மாற்றியமைத்தார்கள். வாரத்தில் ஒருநாள் காய்கறி கலந்த வறுத்த சோறு, காய்கறிப் பிரியாணி, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, தேங்காய்ச் சோறு ஆகியவற்றுள் ஒன்றும், அதனுடன் புதினா, இஞ்சி, நெல்லிக்காய், பச்சை மாங்காய் முதலியன சேர்த்த சம்மந்தியும் தருமாறு அதில் கூறப்பட்டது. எளிய மாற்றம்தான், ஆனால் பிள்ளையின் நாவை எதிர்த்து நில்லாமல் அதனோடு உடன்போகும் மாற்றம். நம் வீடுகளில் அந்தச் சம்மந்தி ஒன்றையாவது நாள்தோறும் அரைக்கலாம்.

இனிக் கடிதத்திலுள்ள அந்தப் பெண்குழந்தைக்கு வருகிறேன். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உடையவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 57 பேர், தமிழ்நாட்டில் 53.4, கேரளத்தில் 36.3. நாம் இரண்டுக்கும் இடையே வாழ்கிறோம். கீரை ஒன்றே இதனைத் தீர்த்துவிடும் என்று நான் எழுதினால் அது பொய். கீரையிலுள்ள இரும்புச் சத்தில் சிறு பங்கையே உடல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே மருத்துவர் தந்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தக் கூடாது; குடற்புழுவுக்கு மருந்து தந்திருந்தால் அதனையும் கொடுக்கவேண்டும். உணவு செய்யக்கூடியது ஒன்றுண்டு. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா, தக்காளி இவற்றில் ஒன்று சேர்ந்தால் உடல் ஏற்கும் இரும்பின் அளவு பெருகும். உணவோடு தேநீர் பருகினால் அது குறையும். தேநீரை விடச் சொல்லி நம் மக்களிடம் யாரும் வெல்ல முடியாது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேரட், பூசணி, முருங்கையிலை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் ஏ-க்கு மூலமான பொருள் உடலில் சேரச் சிறிது எண்ணெயும் வேண்டும். தேங்காய் அரைத்துவிடும் நம் வழக்கம் இங்கே கைகொடுக்கிறது.

சகோதரியிடம் நான் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. அவர் எழுதிய கடிதத்தில் கணவர், மகன், மகள் ஆகிய மூவரும் என்ன உண்கிறார்கள் என்பது இருக்கிறது. நான்காமவர் என்ன உண்கிறார்? நம் வீடுகளில் ஆடவர் முதலில் உண்டு, பிள்ளைகள் பிறகு உண்டு, தாய் கடைசியில் அமரும்போது பொரியல் சட்டியில் கடுகும் கறிவேப்பிலையும்தான் மிஞ்சியிருக்கும். எங்கள் வீட்டில் நிறுத்துப் பார்த்த வாரத்தில் மிகக் குறைந்த காய் கிடைத்தவன் நான் என்று எண்ணியிருந்தேன். அன்று, என் இல்லாள். எனக்குப் பரிமாறப்பட்டது, நான் ஒதுக்கினேன். அவருக்குப் பரிமாறவே இல்லை. இப்போது சமைத்து முடித்தவுடன் எல்லோர் பங்கையும் கிண்ணங்களில் எடுத்து வைத்துவிடுகிறோம். கிண்ணம் எடுத்துவைப்பது என் வேலை. மகளுக்கு இரத்தம் குறைவு என்றால் தாயும் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் அன்பர்கள், ‘இதெல்லாம் சமவெளிக்காரர் பேச்சு, எங்கள் லயத்தில் அவியலுக்கு ஏழு காய்க்கு எங்கே போவது?’ என்று கேட்கலாம். வட்டவடையிலும் காந்தளூரிலும் கேரட்டும் பீன்ஸும் கோசும் விளைகின்றன. ஆனால் விளைந்தவை வண்டியேறிவிடுகின்றன, மீனாட்சிபுரத்துக் கதையே அங்கும். லயத்து வாசலில் இரண்டடி மண் இருந்தால் முள்ளங்கியும் சிறுகீரையும் விதையுங்கள். மூன்று நான்கு வாரங்களில் கிள்ளத் தொடங்கலாம். முள்ளங்கியின் இலையும் கீரைதான். வேலியில் ஒரு சௌசௌக் கொடி ஏறினால் காயும் தரும், கொழுந்துத் துளிரும் தரும்.

வாங்கிய காயை நறுக்குவதற்கு முன்பே நன்றாகக் கழுவுங்கள். சிறுநீரக நோயுடையவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும் கீரையை மிகுப்பதற்கு முன் தம் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். இதனைச் சொல்லாமல் விட்டால் என் மருத்துவ நண்பர் அடுத்த இதழுக்குக் கண்டனம் எழுதுவார்.

கொழிஞ்சாம்பாறைச் சகோதரிக்கு நான் கூறும் திட்டம் இதுதான். கணவரிடம் காய்கறியின் பெருமையைப் பேசாதீர்கள். அவர் வெறுக்காமல் உண்ணும் காய் எவை என்று கேளுங்கள், மூன்றாவது தேறும். எனக்குத் தேறியவை பூசணி, முருங்கைக்காய், தக்காளி. அந்த மூன்றையே மூன்று வாரம் மாற்றி மாற்றிச் சமையுங்கள், ஆனால் அளவை இரட்டிப்பாக்குங்கள். வாரம் இருமுறை மொளகூட்டலோ கடைசலோ இருக்கட்டும். நான்காம் வாரம் ஒரு புதுக் காய். மகளுக்கு நாள்தோறும் பகலுணவோடு அரை எலுமிச்சையோ ஒரு நெல்லிக்காயோ. கணவர் மட்டும் ஒன்று செய்யவேண்டும்: பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணவேண்டும், பிடிக்காவிட்டாலும் ஒரு துண்டையாவது அவர்கள் காண மென்று விழுங்கவேண்டும். முகத்தைச் சுளிக்கக் கூடாது. இதுதான் கடினம். முதல் மாதத்தில் நான் எத்தனையோ முறை பேரன் எதிரில் பீன்ஸை மென்றுகொண்டே சிரித்திருக்கிறேன். அவனும் அதைக் கண்டு சிரித்திருக்கிறானேயன்றி உண்ணவில்லை. ஐந்தாம் மாதம், நான் பேச்சில் இருந்தபோது, என் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மற்றொன்று எடுத்தான். மூன்றாவதை வழக்கம்போல் விளிம்பில் வைத்துவிட்டான்.

இப்போது என் பங்கு நாளொன்றுக்கு 300 கிராம் அளவில் இருக்கிறது. பாகல் இன்னும் இல்லை.

சகோதரி ஆறு வாரம் கழித்து மீண்டும் எழுதவேண்டும். மகளின் இரத்தச் சோதனை முடிவையும், தம்முடையதையும் சேர்த்து. கேழ்வரகைப் பற்றிக் கேட்டிருக்கும் மூன்று அன்பர்களுக்கு அடுத்த திங்கள் விடை எழுதுகிறேன்.